அப்பா ஏறுகிற மாதிரி ஒரு படகு

ராமேஸ்வரத்துக்காரர் படகு வாங்கினால் தொழில். சென்னைக்காரர் வாங்கினால் வசதி. சேலத்துக்காரன் படகு வாங்கப் போகிறேன் என்றால் மட்டும் ஜனங்கள் முகத்தை ஒரு மாதிரி உற்றுப் பார்க்கிறார்கள். எங்கள் ஆபீஸ் கேஷியர் குரலைத் தாழ்த்தி, "வீட்ல ஏதாச்சும் பிரச்னையா சார்?" என்றே கேட்டுவிட்டார்.

பிரச்னை வீட்டில்தான். ஆனால் அவர் நினைத்த மாதிரி இல்லை.

அப்பா மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ரிடையர் ஆனவர். சொந்த ஊர் கொளத்தூர் பக்கம். 1934-ல் மேட்டூர் அணை கட்டி முடித்தபோது அந்த நீர்த்தேக்கத்துக்கு ஸ்டான்லி என்று பெயர் வைத்தார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது வெறும் 'டேம் தண்ணி'. ஞாயிற்றுக்கிழமை ஆனால் அப்பா ஒரு தூண்டில், ஒரு டப்பா மண்புழு, ஒரு பழைய குடை சகிதம் கரையில் போய் உட்கார்ந்துவிடுவார். மாட்டினால் கெளுத்தி, ஜிலேபி. மாட்டாத நாட்களில் வரும் வழியில் சந்தையில் வாங்கிக்கொண்டு வருவார். அம்மா கையில் வாங்கியதுமே கண்டுபிடித்துவிடுவாள். "டேம்ல எப்பங்க மீனுக்கு ஐஸ் வெக்க ஆரம்பிச்சாங்க?"

மூன்று வருஷத்துக்கு முன்னால் அப்பாவுக்குப் பக்கவாதம். பேச்சு திரும்பிவிட்டது. கை திரும்பிவிட்டது. இடது கால் மட்டும் பாதி. சமதரையில் கைத்தடியோடு நடப்பார். சரிவு என்றால் நடக்காது. டேம் கரையோ முழுக்கச் சரிவு. தண்ணீர் 120 அடிக்கு நிற்கும்போது பரவாயில்லை, புல் தரைக்குப் பக்கத்திலேயே அலை அடிக்கும். மட்டம் இறங்க இறங்க தண்ணீர் எங்கேயோ கீழே போய்விடும். நடுவில் கல்லும் வழுக்குச் சேறும்.

ஆக, அப்பா சேலத்தில் என் வீட்டு பால்கனியில். தூண்டில் மூலையில். தினமும் காலையில் பேப்பர் படித்து முடித்ததும் தூண்டிலை எடுத்துத் துணியால் துடைத்து, திரும்ப அதே மூலையில் வைப்பார். அதைப் பார்க்கிறபோது எனக்கு ஆபீஸ் போகவே பிடிக்காது.

டாக்டரிடம் கேட்டேன். "மனசுக்குப் பிடிச்சதைச் செய்யட்டும். விழக்கூடாது, அவ்வளவுதான்" என்றார். திரும்பி வரும்போது ஆட்டோவில் அப்பா வெளியே பார்த்தபடி சொன்னார். "எனக்குக் கரைதான்டா விரோதி. தண்ணி இல்ல."

படகு யோசனை அந்த ஆட்டோவில் பிறந்தது.

ஆபீஸில் விஷயம் பரவியதும் ஆளுக்கு ஆள் ஆலோசனை. தண்ணீரை வாட்டர் கேனில் மட்டுமே பார்த்த டெஸ்பாட்ச் நண்பர் எனக்கு யூடியூபில் ஒரு வீடியோ அனுப்பினார். அமெரிக்கர் ஒருவர் 'பாஸ் போட்' என்ற வஸ்துவில் பறக்கிறார். பின்னால் 200 குதிரைசக்தி இன்ஜின். படகின் நடுவில் சுழல் நாற்காலி, மீன் எங்கே இருக்கிறது என்று காட்ட டி.வி. மாதிரி ஒரு திரை. நம்ம ஊர் ஏரியில் அதை ஸ்டார்ட் பண்ணினால் கியர் மாற்றுவதற்குள் எதிர்க்கரை மாரியம்மன் கோவிலுக்குள் போய் நிற்கும்.

படகுக்கு முன்னால் இன்னொரு வேலை இருக்கிறது. அதை யாரும் சொல்வதில்லை. தண்ணீர் நம்முடையது இல்லை, சார். அணைகளில் மீன் பிடிக்க மீன்வளத் துறை உரிமம் கொடுக்கிறது. ஊர் ஏரிகளைப் பெரும்பாலும் குத்தகைக்கு விட்டிருப்பார்கள். குஞ்சு விட்டு வளர்க்கிறவர் ஒருவர் இருப்பார். அவரைக் கேட்காமல் படகோடு போய் இறங்கினால் அதற்குப் பெயர் பொழுதுபோக்கு இல்லை. எனக்கு வாய்த்த குத்தகைதாரர் நல்ல மனிதர். அப்பாவின் கதையைக் கேட்டுவிட்டு, "ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வாங்க. கட்லா, ரோகு மாட்டினா விட்டுடணும். ஜிலேபி எவ்வளவு வேணா எடுத்துக்கங்க" என்றார். ஜிலேபி யாருக்கும் குஞ்சு வாங்கிக் கொடுக்கிற வேலை வைப்பதில்லை. 1952-ல் ஆப்பிரிக்க இனமாக இந்தியாவுக்குள் வந்தது. இப்போது ரேஷன் கார்டு மட்டும்தான் பாக்கி. ஏரியில் இன்னொரு சௌகரியம், மீன் டெம்போ இறங்கி வருவதற்காகத் தண்ணீர் ஓரம் வரை சிமென்ட் தளம் போட்டிருந்தார். சரிவு என்றே சொல்ல முடியாத சரிவு.

தண்ணீர் கிடைத்துவிட்டது. இனி படகு.

முதலில் என் மனசு போனது பரிசலுக்குத்தான். காவிரிக்காரனுக்கு வேறெங்கே போகும்? ஒகேனக்கல்லில் சினிமாக்காரர்கள் டூயட் பாடுவதற்காக யாரோ கண்டுபிடித்தது என்று நினைக்காதீர்கள். பிளந்த மூங்கிலை வட்டமாகப் பின்னி, அந்தக் காலத்தில் தோலும் இந்தக் காலத்தில் பிளாஸ்டிக் தாளும் போர்த்தி, தாரைப் பூசி எடுத்தால் முடிந்தது கதை. முன்பக்கம் பின்பக்கம் என்பதே கிடையாது. அடி தட்டையாக இருப்பதால் முழங்கால் தண்ணீரிலும் போகும். வேலை முடிந்ததும் கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடக்கலாம். எந்தப் படகை அப்படிச் செய்ய முடியும்?

பண்ணவாடித் துறையில் பல வருஷமாகத் துடுப்புப் போடுகிற பெரியவர் ஒருவரைப் பிடித்தேன். பண்ணவாடி தெரியும்தானே? தண்ணீர் வற்றினால் பழைய நந்தி சிலையும் சர்ச் கோபுரமும் வெளியே தலை காட்டுகிற இடம். அணை கட்டியபோது மூழ்கிய ஊர்களின் மிச்சம். படகு வாங்குகிறவனுக்கு அதில் ஒரு பாடமும் உண்டு. அணைத் தண்ணீருக்கு அடியில் சமதரை கிடையாது. சுவர், கல், மரத்தின் அடிக்கட்டை எல்லாம் அப்படியே நிற்கிறது. எது எவ்வளவு ஆழத்தில் என்பது தண்ணீர் மட்டத்தைப் பொறுத்து வாரத்துக்கு வாரம் மாறும்.

பெரியவர் என்னைப் பரிசலில் ஏற்றினார். "ஓரத்துல கால் வெக்காதீங்க சார். நடுவுல வைங்க. வெச்சதும் உக்காந்துடுங்க." உட்கார்ந்தேன். துடுப்பை என்னிடம் கொடுத்தார். அடுத்த பத்து நிமிஷம் நான் மேட்டூரின் நான்கு திசைகளையும் வரிசையாகப் பார்த்தேன். பரிசலில் ஒரு பக்கம் துடுப்புப் போட்டால் போகாது, சுற்றும். முன்னால் உட்கார்ந்து, தண்ணீரைத் தன் பக்கம் வாரி இழுக்க வேண்டும். அவர் செய்தபோது கத்தியால் வெண்ணெயை வெட்டினாற்போல் போயிற்று. நான் செய்தபோது, கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு.

கற்றுக்கொண்டுவிடலாம், அது பெரிய விஷயமில்லை. ஆனால் இரண்டு சங்கதி உதைத்தது. ஒன்று, பரிசல் சுற்றும்போது எனக்கே லேசாகத் தலை சுற்றியது. பக்கவாதம் வந்த மனிதருக்கு அது வேண்டவே வேண்டாம். இரண்டு, ஏறுவது. நடுவில் கால் வைத்து உடனே உட்கார வேண்டும் என்றால் ஒற்றைக் காலில் ஒரு நொடி நிற்க வேண்டும். அப்பாவிடம் இல்லாதது அந்த ஒரு நொடிதான். கரையில் வைத்து உட்காரவைத்துத் தள்ளலாமே என்றேன். பெரியவர் சிரித்தார். "ஆளோட தரையில இழுத்தா அடி கிழிஞ்சுடும் சார்." ஃபைபரில் செய்த பரிசலும் இருக்கிறது, அது கிழியாது. ஆனால் சுற்றும்.

பரிசலை ரொம்ப வருத்தத்தோடுதான் லிஸ்டிலிருந்து அடித்தேன்.

அடுத்தது காற்று அடைத்த ரப்பர் படகு. எங்கள் ஆபீஸிலேயே ஒருவர் வைத்திருக்கிறார். மடித்தால் பைக் பின்சீட்டில் வரும், பம்ப் அடித்தால் பத்து நிமிஷத்தில் படகு. தனித்தனிக் காற்றறைகள், ஒன்று போனாலும் மற்றது மிதக்கும். காகிதத்தில் படிக்க அருமை. ஆனால் நம் ஏரிகளில் வளர்ந்து கிடப்பது சீமைக்கருவேலம். வறட்சியில் ஏரிக்குள் முளைக்கும், மழையில் மூழ்கும், முள்ளை மட்டும் நமக்காக வைத்திருக்கும். அவர் படகு போன வருஷம் ஓமலூர் பக்கம் ஒரு குட்டையில் 'புஸ்' என்றது. இடுப்பளவுத் தண்ணீர்தான், நடந்தே வந்துவிட்டார். அப்பா நடந்து வர மாட்டார். போதாக்குறைக்கு, தூண்டில் முள்ளும் இவரே கையில் வைத்திருக்கிறார்!

கயாக் என்று ஒன்று. ஒற்றை ஆள், காலை நீட்டி உட்கார்ந்து இரட்டைத் துடுப்பு. முழங்கால் நல்லபடி இருக்கிற, கல்யாணம் ஆகாத வாசகர்களுக்குச் சிபாரிசு செய்கிறேன். கரையோரக் கோரைக்குள் சத்தமில்லாமல் நுழைந்து விரால் பிடிக்க அதைவிட நல்லது இல்லை. தெர்மோகோல் மிதவை, லாரி டியூப் இரண்டிலும் உட்கார்ந்து தினமும் வலை விரித்துச் சம்பாதிக்கிறவர்களை நம் ஏரிகளில் பார்க்கலாம். அது அவர்கள் திறமை. நாம் வேடிக்கை பார்ப்பதோடு நிற்பது உத்தமம்.

மிச்சம் இருந்தது சாதாரணப் படகு. இதில்தான் உண்மையான கேள்வி: அடிப்பாகம் எப்படி இருக்க வேண்டும்? கடலுக்குப் போகிற படகுக்கு அடி 'V' மாதிரி. அலையைக் கிழித்துக்கொண்டு போகும். ஆனால் நின்ற இடத்தில் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடும். தட்டை அடி என்றால் நின்ற இடத்தில் கல் மாதிரி நிற்கும். அலை வந்தால் 'பட் பட்' என்று அடிக்கும்.

ராத்திரி சாப்பாடு முடிந்ததும் சமையலறை பாத்திரங்களை எடுத்துப் பெரிய அன்னக்கூடையில் மிதக்கவிட்டுப் பார்த்தேன். முதலில் குழம்புக் கிண்ணம், உருண்டை அடி. ஓரத்தில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்தேன். சாய்ந்து, தண்ணீர் குடித்து, முழுகியது. அடுத்து தாம்பாளம். எலுமிச்சம்பழத்தை எந்த ஓரத்தில் வைத்தாலும் அசையவில்லை. ஆஹா என்று கையைத் தட்டினேன். அந்த அதிர்விலேயே விளிம்பைத் தாண்டித் தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, இன்னும் தேய்க்காத பாத்திரம் நெறைய இருக்கு. அதையும் மிதக்க விடறீங்களா?" என்றாள். பிறகு அவளே அலமாரியிலிருந்து அப்பாவின் பழைய நீள அலுமினிய டிபன் பாக்ஸை எடுத்துக் கொடுத்தாள். "இதப் பாருங்க. அடி தட்டை. சுவரும் ஒசரம்."

பாருங்கள், வீட்டிலேயே படகு நிபுணர் இருந்திருக்கிறார்! லைன்மேன் டிபன் பாக்ஸ் எலுமிச்சம்பழத்துக்கும் அசையவில்லை, நான் தண்ணீரை அலைத்ததற்கும் அசரவில்லை.

பிறகு கணக்கு. நாங்கள் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன், கணக்குப் போடாமல் தூக்கம் வராது. 3 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம் உள்ள தட்டைப் படகு. அடியின் பரப்பு 3.6 சதுர மீட்டர். அது 1 சென்டிமீட்டர் அமிழ்ந்தால் 36 லிட்டர் தண்ணீரைத் தள்ளும். அதாவது 36 கிலோவைத் தாங்கும். மூன்று பேர் 200 கிலோ, படகு 70, தூண்டில், டிபன், தண்ணீர் கேன் எல்லாம் 20. மொத்தம் 290. வகுத்தால் 8 சென்டிமீட்டர். முனை கூம்பியிருப்பதால் கொஞ்சம் கூடும், 10 என்று வையுங்கள். சுவர் 45 சென்டிமீட்டர் என்றால் தண்ணீருக்கு மேலே 35 நிற்கிறது. ஏரிக்கு அது தாராளம். ஆடி மாதக் காற்றில் மேட்டூர் நடுவில் போவதற்கு இல்லை. அம்மியே பறக்கும் என்று சொல்லி வைத்திருக்கிறார்களே, அது சும்மாவா?

இதே கணக்கில் ஒரு பயமும் இருக்கிறது. எடை தாங்கும் என்பது வேறு, எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது வேறு. 2009 செப்டம்பர் 30-ஆம் தேதி தேக்கடி ஏரியில் இரண்டடுக்குச் சுற்றுலாப் படகு ஒன்று கவிழ்ந்து 45 பேர் இறந்துபோனார்கள். கரையில் நின்ற விலங்குகளைப் பார்க்க ஜனங்கள் ஒரே பக்கம் போனதை ஒரு காரணமாகச் சொன்னார்கள். அந்தச் செய்தியை அன்று டி.வி.யில் அப்பாவும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தோம். அதனால்தான், 'சார், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுடுங்க, அப்பா சௌகரியமா உக்காருவார்' என்று கேஷியர் சொன்ன யோசனையை நான் காதில் வாங்கவே இல்லை. உட்காரும் இடம் உயர உயர, சாய்வது சுலபமாகும். படகில் எல்லாமே தாழ்வாக, நடுவாக இருக்க வேண்டும்.

ஈரோடு பக்கம் ஒரு ஃபைபர் பட்டறையில் மீன் பண்ணைக்காரர் ஒருவர் கொடுத்துவிட்டுப் போன பழைய படகு கிடந்தது. 10 அடி நீளம், 4 அடி அகலம், தட்டை அடி, உள்ளே இரண்டு பக்கமும் மூடிய காற்றுப் பெட்டி. தண்ணீர் நிரம்பினாலும் மூழ்காது. இன்ஜின் இல்லை, இரண்டு துடுப்புதான். பழைய ஃபைபர் படகு பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பெயின்ட்டைப் பார்க்காதீர்கள். விரல் முட்டியால் அடி முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் 'டக் டக்' என்னும். உள்ளே நைந்த இடம் 'தொப் தொப்' என்னும். தேங்காய் வாங்கத் தெரிந்தவர்களுக்குப் படகும் வாங்கத் தெரியும். இதில் ஒரே ஒரு இடம் தொப் என்றது. அதை அறுத்து எடுத்துப் புதிதாக ஒட்டிக் கொடுத்தார்கள். தரையிலிருந்து அரை அடி உயரத்தில் முதுகு சாய ஒரு ஸீட்டும் பொருத்தச் சொன்னேன். என் இரண்டு மாதச் சம்பளம். புது ஸ்கூட்டர் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போயிற்று.

லைஃப் ஜாக்கெட் மட்டும் புதுசு. அதைப் பழசில் வாங்கக்கூடாது. மார்பு அளவு பார்த்து, போட்டுக்கொண்டு தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். காதுவரை ஏறி வந்தால் அது உங்கள் சைஸ் இல்லை. அப்பா முதலில் முகத்தைச் சுளித்தார். "நான் டேம்ல குறுக்க நீந்துனவன்டா." "அது ரெண்டு காலோட நீந்துனது" என்றாள் அம்மா. அப்பா பேசாமல் பட்டையை மாட்டிக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ஏரி. படகைச் சிமென்ட் தளத்தில், முனை மட்டும் தண்ணீரில் தொடுகிறாற்போல் வைத்தோம். தட்டை அடி, தரையில் கட்டில் மாதிரி நின்றது. அப்பா பக்கச் சுவரில் உட்கார்ந்தார். நல்ல காலை அவரே உள்ளே எடுத்து வைத்தார். இடது காலை இரண்டு கையாலும் தூக்கி நான் உள்ளே வைத்தேன். அப்படியே நகர்ந்து ஸீட்டில் சாய்ந்தார். எழுந்து நிற்க வேண்டிய வேலையே வரவில்லை. குத்தகைதாரரின் ஆள் ஒருவர் துடுப்போடு முன்னால் ஏறினார், நான் பின்னாலிருந்து தள்ளிவிட்டு ஏறினேன். அடி ஒரு தடவை 'கர்ர்' என்று உராய்ந்தது. அப்புறம் சத்தமே இல்லை.

அப்பா தண்ணீரில் கை வைத்தார். கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். நான் எதிர்க்கரையில் இருந்த ஒரு கொக்கை மிகவும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்றரை மணி நேரம் ஒன்றும் மாட்டவில்லை. துடுப்புப் போட்டவர் அந்தப் பக்கம் போகலாம் என்றார். அப்பா வேண்டாம் என்று தலையாட்டினார். எட்டு மணிக்கு மிதப்புக் கட்டை ஒரு முழுக்குப் போட்டது. வலது கையால் வெட்டித் தூக்கினார். கையகலத்துக்கு ஒரு ஜிலேபி! பழைய பழக்கத்தில் எழுந்துவிடப் போகிறாரோ என்று என் மனசு பக்கென்றது. அவர் ஸீட்டிலிருந்து ஒரு அங்குலம் நகரவில்லை. இடது கையால் மீனைப் பிடித்தார். பிடி கொஞ்சம் நடுங்கியது, மீன் துள்ளியது, விடவில்லை. முள்ளைக் கழற்றி வாளிக்குள் போட்டார்.

அப்புறம் படகை முனையிலிருந்து கடைசி வரை ஒரு பார்வை பார்த்தார். எங்கள் வீட்டில் யார் எதை வாங்கினாலும் அப்பா ஒரு குறை சொல்லாமல் விட்டதில்லை.

"ஸீட்டு நல்லாருக்கு. தூண்டில் சாத்தி வெக்க ஒரு கொக்கி இல்ல பாரு. பட்டறைக்காரன்கிட்ட சொல்லி அடிச்சு வாங்கு. அடுத்த வாரம் மண்புழு எடுத்துட்டு வா. இந்த மைதா மாவெல்லாம் உன் ஆபீஸ்காரன் எவனோ சொன்னதுதான?"